மிளகாய் மூட்டை ஓட்டிய டிராக்டர்

குத்துக்கல்வலசையில் எனக்கு ஒரு மாவு மில் உண்டு. அரிசி, கோதுமை, மல்லி, மிளகாய், மஞ்சள் எல்லாம் அரைப்பேன். மில் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே முப்பது வருஷம் ஓடிவிட்டதால், நான் ரகசியம் சொன்னால்கூட அடுத்த தெருவில் கேட்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என் வாயைக் குறை சொல்லக்கூடாது.

மில்லில் சுவிட்ச் போர்டுக்கு மேலே என் வீட்டுக்காரர் போட்டோ மாட்டியிருந்தது. கோட் போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, விறைப்பாக நிற்பார். பின்னால் பெரிய பெரிய தூண் வைத்த வெள்ளைக் கட்டடம். போட்டோவில் அவர் இடுப்பு வரைதான் இருப்பார். நான் வாங்கின ஃபிரேம் சின்னது. கீழே இருப்பதை நறுக்கிவிடச் சொல்லி நான்தான் கடையில் கொடுத்தேன். அரைக்க வந்து காத்துக்கிடக்கும் பொம்பளைகள் அதைப் பார்த்து, "அண்ணன் ஆபீஸாக்கா இது?" என்பார்கள். "பின்ன?" என்பேன். ஊரில் அவர் மேனேஜர் ஆனது இப்படித்தான்.

இருபத்திரண்டு வருஷம் சவுதியில் இருந்துவிட்டு, போன கோடையில் ஒரேயடியாக வந்து சேர்ந்தார். முதல் மாதம் வீடு முழுக்க விருந்தாளிகள், அத்தர் வாசனை, பேரீச்சம்பழம். இரண்டாம் மாதம் மில்லில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு எனக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்தார். "அங்கல்லாம் இப்பிடித் தூசி பறக்காது." "அங்கல்லாம் வரிசையில நிப்பாங்க." "அங்கல்லாம் மெஷினுக்குப் பக்கத்துல சேலையோட யாரும் போவ முடியாது." மில்லுக்கு வருகிற பொம்பளைகள் அவருக்கு 'அங்கல்லாம்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவர் வருவதைப் பார்த்தால், "ஏட்டி, அங்கல்லாம் வருது, தள்ளி நில்லு" என்று சிரிப்பார்கள். மூன்றாம் மாதம் அவருக்குப் பேச்சும் குறைந்துபோனது. வெள்ளை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையுமாகச் சும்மா இருப்பார். சும்மா இருக்கிற ஆம்பளையைப் பார்த்துக்கொண்டு வேலை செய்வது மாதிரி எரிச்சல் உலகத்தில் இல்லை.

நாலாம் மாதம் ஏஜெண்டிடமிருந்து போன் வந்தது. பழைய முதலாளியின் மகன் இவரையேதான் கேட்கிறாராம். விசா தயார். மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"என்ன புள்ள, போவட்டா?" என்று கேட்டார்.

"போறதுன்னா போங்க. நீங்க இல்லாத வீடுதான் எனக்குப் பழக்கம்" என்றேன்.

சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரே மல்லியை இரண்டு தடவை அரைத்தேன். அவர் போகக்கூடாது என்றுதான் எனக்கு இருந்தது. ஊரையே வாயால் விரட்டுகிற எனக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை வழியனுப்பித்தான் பழக்கம். இருக்கச் சொல்லிப் பழக்கமில்லை.

அப்போது குற்றாலத்தில் சாரல் நேரம். அங்கே ஒரு ரிசார்ட் சமையல்கட்டுக்கு நான்தான் மிளகாய்ப் பொடி, மல்லிப் பொடி கொடுக்கிறேன். சீசனில் கூட்டம் அதிகம் என்று கூடுதலாகக் கேட்டிருந்தார்கள். எங்கள் தெரு முனையில் லோடு ஆட்டோ வைத்திருக்கும் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்குப் பதிலாக நீங்களும் வாருங்கள் என்று இவரையும் ஏற்றிக்கொண்டேன்.

அந்த ரிசார்ட்டின் முன்னால் முன்பெல்லாம் பெரிய புல்வெளி இருக்கும். இப்போது அதைத் தோண்டி எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் புல் விரித்திருக்கிறார்கள். குற்றாலத்தில்! சுவரில், கூரையில், நிறுத்தி வைத்த பஸ்ஸின் டயரில்கூடக் கேட்காமலே புல் முளைக்கிற ஊரில், காசு கொடுத்துப் பிளாஸ்டிக்கில் புல் வாங்கி விரித்திருக்கிறான் என்றால் அவனை என்ன சொல்வது. மழை பெய்து அதுவும் பாசி பிடித்து, நடக்கிறவர்கள் எல்லாரும் வழுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள்.

பொடியை இறக்கிவிட்டுத் திரும்பினால் இவரைக் காணோம். தேடிப் போனேன். சமையல்கட்டுக்குப் பின்னால், எச்சில் தொட்டிக்குப் பக்கத்தில், பலாமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். எதிரில் ஒரு குட்டி டிராக்டர். சிவப்பு பெயிண்டு வெளுத்து, நாலு டயரும் காற்றில்லாமல், சீட்டு கிழிந்து, முன் மூடிக்குள்ளே கோழி ஒன்று அடை உட்கார்ந்திருந்தது. வயிற்றுக்கடியில் பெரிய இரும்புத் தட்டு ஒன்று தொங்கியது. இவர் அதை, காணாமல் போன ஆட்டுக்குட்டியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னது இது?"

"புல்லு வெட்டுற வண்டி. மேல உக்காந்து ஓட்டணும்" என்றார். சொல்லிக்கொண்டே கிழிந்த சீட்டைக் கையால் தடவினார். சாரல் ஈரத்தைத் துடைக்கிறார் என்று நினைத்தேன்.

சமையல் மாஸ்டர் வந்து, "அது செத்து ரெண்டு வருசம் ஆச்சு அக்கா. இனி பிளாஸ்டிக்குக்கு எதுக்கு வண்டி? பழைய இரும்புக்காரன் வர்றேன்னான், வரல. கோழிக்குத்தான் பிரயோசனம்" என்றார்.

எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியதோ. நாலு மாதத்தில் இவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு உயிர் தெரிந்தது. அதைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றுதான் இருந்தது. வண்டி அதோடு சேர்ந்து வந்தது. உள்ளே போய் ரிசார்ட் மேனேஜரிடம் பேசினேன். அவர் உண்மையான மேனேஜர். இடம் காலியானால் போதும், எடுத்துக்கொண்டு போங்கள், கோழியை மட்டும் விட்டுவிடுங்கள் என்றார். நான் சும்மா வாங்குகிறவள் இல்லை. இரண்டு கிலோ குழம்புப் பொடியைக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

லோடு ஆட்டோ அண்ணாச்சி வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, மேனேஜரு வீட்டுல இருக்க இரும்பு பத்தலையா? இத ஏத்துனா என் வண்டியில உள்ள துருவும் சேந்து பரவிரும்."

"நீரு ஏத்தும்வே. வாய்க்கு வாடகை தரல."

நாலு பேர் சேர்ந்து தூக்கி ஏற்றினோம். வழி நெடுக இவர் முன்னால் உட்காரவில்லை. பின்னால் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். வெள்ளைச் சட்டை முழுக்கக் கிரீஸ்.

மில்லுக்குப் பக்கத்துக் கடை பைக் மெக்கானிக். வாய் என்னைவிட நீளம். கை கெட்டிக்காரக் கை. அவன் வந்து முன் மூடியைத் தூக்கினான். காற்று வடிகட்டிக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. கோழி இறகு ஒரு தலையணைக்குத் தேறும். கார்புரேட்டரைக் கழற்றினால் பழைய பெட்ரோல் பனங்கருப்பட்டிப் பாகு மாதிரி இறுகிக் கிடந்தது. எல்லாவற்றையும் கழுவினான், பிளக் மாற்றினான், ஆட்டோவில் போடுகிற பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். சாவியைத் திருப்பினான். ஒரு முக்கல் முனகல்கூட இல்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே போட்டான்.

"கரண்டே போவ மாட்டேங்குக்கா. வயரு எல்லாம் பாத்துட்டேன். இது எந்த ஊரு பிசாசுன்னே தெரியல."

இவர் பிளாஸ்டிக் நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். தன்னையறியாமல் சொன்னார்: "சீட்டுல வெயிட்டு இருந்தாத்தான் கரண்டு போவும். ஆளு எறங்கிட்டா எஞ்சின் தானா நிக்கணும்னு சீட்டுக்கு அடியில ஒரு சுவிட்ச் இருக்கும்."

மெக்கானிக் அவரைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவர் டீ கிளாஸைப் பார்த்தார்.

"அப்ப நீங்க ஏறி உக்காருங்க மேனேஜர்" என்றான் மெக்கானிக்.

"எனக்கு இடுப்பு வலி."

"ஒரு நிமிசந்தான்."

"வலிக்குதுன்னு சொல்லுதேன்லா?"

சாதாரணமாகச் சத்தம் போடாத மனுசன். மெக்கானிக் உட்கார்ந்தால் எஞ்சின் பக்கம் வேலை பார்க்க ஆளில்லை. நான் உட்காருவதா? தெருவே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறது. பாவூர்சத்திரத்திலிருந்து அன்று காலைதான் வந்திறங்கிய மிளகாய் வத்தல் மூட்டை ஓரமாக இருந்தது. அதைத் தூக்கிச் சீட்டில் வைத்தோம். சாவியைத் திருப்பியதும் வண்டி 'டபடப' என்று பிடித்துக்கொண்டது பாருங்கள், எனக்குக் கைதட்டத் தோன்றியது. தட்டுவதற்குள் தும்மல் வந்துவிட்டது. வண்டி உதறுகிற உதறலில் சாக்கிலிருந்து வத்தல் தூசி கிளம்பி, நான், மெக்கானிக், எதிர்வீட்டு மாமி, தெருவில் போன தபால்காரர் எல்லாரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினோம். மிளகாய் மூட்டை மட்டும் மேனேஜர் மாதிரி கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

அன்றிலிருந்து ஸ்டார்ட் பண்ண வேண்டுமென்றால் மூட்டைதான். இவர் வண்டியைத் துடைப்பார், எண்ணெய் விடுவார், டயருக்குக் காற்று அடிப்பார். மேலே மட்டும் ஏற மாட்டார். யாராவது ஏறச் சொன்னால் இடுப்பு வலி வந்துவிடும்.

அடுத்து பெல்ட். வயிற்றுத் தட்டுக்குள் இரண்டு பிளேடு. அதைச் சுற்ற வைக்கும் பெல்ட் அறுந்துபோயிருந்தது. இவர் கண்ணாடி போட்டுக்கொண்டு துண்டை ஆராய்ந்தார். "இதுல நம்பர் இருக்கு. அந்தக் கம்பெனி பெல்ட்டுதான் வாங்கணும். அங்கல்லாம் வேற போட மாட்டாங்க."

"அங்க கெடக்கட்டும். இங்கன முப்பது வருசமா நான் எந்த நம்பரப் பாத்து பெல்ட்டு மாட்டுனேன்?" என்று சணல் கயிற்றை எடுத்தேன். மில்லில் பெல்ட் அளவெடுக்கிற வழி இதுதான். எந்தெந்தச் சக்கரத்தைச் சுற்றுமோ அந்தந்தச் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி, சேருமிடத்தில் முடிச்சுப் போட்டு, கயிற்றைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், கடைக்காரன் சுவரில் தொங்குகிறதில் பொருத்திப் பார்த்து எடுத்துக் கொடுப்பான். தென்காசியில் போய் வாங்கி வந்தேன். இவர் உதட்டைப் பிதுக்கினார்.

மதியம் இரண்டு மணி இருக்கும். அந்த நேரத்தில் அரைக்க யாரும் வரமாட்டார்கள். மெக்கானிக் சாப்பிடப் போயிருந்தான். நான் பெல்ட்டை மாட்டத் திணறிக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் இவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் படுத்தார். கையை மட்டும் உள்ளே விட்டார். கண் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கை உள்ளே தானாக நடக்கிறது. ஒரு சக்கரம், அடுத்த சக்கரம், ஒரு ஸ்பிரிங்கை இழுத்துப் பிடித்து, 'டக்'. பிறகு கட்டைவிரலால் பெல்ட்டை ஒரு அமுக்கு அமுக்கி, "இன்னும் அரை இஞ்சு இறுக்கணும்" என்றார்.

எனக்கு அந்தக் கட்டைவிரல் போதும். நானும் முப்பது வருஷம் பெல்ட்டை அமுக்குகிறவள். சும்மா பார்த்தவன் விரல் அப்படி அமுக்காது. அப்போதுதான், ஒவ்வொரு லீவிலும் பார்த்தும் பார்க்காமல் விட்டதெல்லாம் ஒன்றாக வந்து நின்றது. ஏசி ரூமில் இருக்கிற மனுசனுக்குப் புறங்கழுத்து ஏன் கருகிக் கிடக்கும்? ஏன் ஒரு தடவைகூட வீடியோ காலில் ஆபீஸைக் காட்டவில்லை?

"மச்சான், எந்திரிங்க. அங்க நீங்க என்ன வேல பாத்திய?"

எழுந்து உட்கார்ந்தார். கிரீஸ் கையை வேட்டியில் துடைத்தார்.

"இது மேலதான் இருந்தேன் புள்ள. இருவத்திரெண்டு வருசம்."

சூப்பர்வைசர் விசா என்றுதான் போனாராம். போய் இறங்கிய மறுநாள் ஒரு பெரிய வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். மணலில் புல் வளர்த்திருக்கிறார் முதலாளி. நாள் முழுக்கத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும், வளர்ந்ததும் வெட்ட வேண்டும், மறுபடி பீய்ச்ச வேண்டும். மண்டை வெடிக்கிற வெயில். போட்டோவில் பின்னால் தெரிகிற தூண் வைத்த கட்டடம் அந்த வீடுதான். முதல் லீவில் வந்தபோது சொல்லிவிட நினைத்தாராம்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"நீ அதுக்குள்ள மில்லுல எல்லார்ட்டயும் ஆபீஸுன்னு சொல்லிட்ட."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். புல் வெட்டினதற்காக இல்லை. ஒவ்வொரு தடவை அவர் கிளம்பும்போதும் பன்னிரண்டு முழுக்கைச் சட்டையை நீலம் போட்டு, கஞ்சி போட்டு, கரண்டு இல்லாத நேரம் கரி இஸ்திரிப் பெட்டியில் தேய்த்துக் கொடுத்திருக்கிறேன். முழங்கை நோக நோகத் தேய்த்ததெல்லாம் அந்த வெயிலில் புல் வெட்டப் போட்டுக்கொள்ளவா என்று கத்தினேன். "முழுக்கை நல்லதுதான், கை கருக்காது" என்றார் அவர் பணிவாக. கத்திக்கொண்டிருந்தவள் அழுதுவிட்டேன். மில்லில் நான் அழுதது அது ஒரு தடவைதான். மாவுத்தூசியும் கண்ணீரும் சேர்ந்தால் முகம் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்: "இப்பவும் இதே புல்லு வெட்டத்தான கூப்பிடுதான்? அங்க போயி வெட்டுறத இங்க வெட்டுங்க."

"இங்க ஏறி உக்காந்தா தெரிஞ்சிரும்லா."

"தெரிஞ்சா என்ன?"

"என்னய என்னமும் சொல்லட்டும். ஒன்னயக் கேலி பண்ணுவாங்க புள்ள. ஒன் மில்லுல ஒம் மூஞ்சிக்கு நேர."

மில்லுக்குள் போய் மோட்டாரைப் போட்டேன். அரைக்க ஒன்றுமில்லை, சும்மா ஓடட்டும் என்று விட்டேன். மாசக் கடைசிக்கு ஆறு நாள் இருந்தது.

மறுநாள் பக்கத்து அரசுப் பள்ளியின் தலைமையாசிரியை இட்லிப் பொடிக்கு உளுந்து அரைக்க வந்தார். வண்டியைப் பார்த்தார். பள்ளி மைதானத்தில் சாரலுக்குப் புல் முட்டளவு வளர்ந்து கிடக்கிறது. பாம்பு பார்த்ததாகச் சொல்லிப் பிள்ளைகளை இறக்கவே பயமாக இருக்கிறது. போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகுகிற பெண்கள்கூட ரோட்டில்தான் ஓடுகிறார்கள் என்றார். "அக்கா, இது ஓடுமா?"

"ஓடும். சனிக்கிழமை வாறோம்" என்றேன்.

யார் ஓட்டுவது என்று அவர் கேட்கவில்லை. இவர் கேட்டார். "நான்தான் ஓட்டுவேன். எனக்கு இடுப்பு வலி இல்ல" என்றேன். எருமை மாட்டு மேல்கூட நான் ஏறினதில்லை.

சனிக்கிழமை காலை பள்ளி மைதானத்தில் பாதித் தெரு கூடிவிட்டது. லோடு ஆட்டோ அண்ணாச்சி வண்டியை இறக்கிவிட்டு, மடியிலிருந்து நாலு எலுமிச்சம்பழத்தை எடுத்தார்.

"புது வண்டி மாதிரித்தான இது. கண்ணு பட்ருக்கும். சக்கரத்துக்கு அடியில வச்சு ஏத்திரணும்."

எங்கள் வீட்டில் எலுமிச்சை வைக்கிற வழக்கம் கிடையாது. பாத்திஹா ஓதி, சர்க்கரை கொடுப்போம். அதை வீட்டிலேயே முடித்தாயிற்று. ஆனாலும் அண்ணாச்சியின் மனசை நோகடிப்பானேன்? அவர் லோடு ஆட்டோவுக்கு எங்கள் பள்ளிவாசலில் மந்திரித்த கயிறு கட்டியிருக்கிறார். வையும் என்றேன். நாலு சக்கரத்துக்கு முன்னாலும் ஒவ்வொன்று வைத்தார். ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன்.

மில்லில் மோட்டாரைப் போட்டால் அரைக்கும் கல்லும் கூடவே சுற்றும். அந்தப் பழக்கத்தில் பிளேடைச் சுற்றவிடும் நெம்புகோலையும் தள்ளிவிட்டேன். இவர் தூரத்திலிருந்து கையை ஆட்டி என்னவோ கத்தினார். யாருக்குக் கேட்கிறது? வண்டி நகர்ந்தது. முன்சக்கரம் எலுமிச்சம்பழத்தை நசுக்கியது, நசுங்கினது தட்டுக்கடியில் போனது, பிளேடு அதை அள்ளிப் பக்கவாட்டு வாய் வழியாகத் துப்பியது. பக்கவாட்டில் அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டபடி நிற்கிறார். ஒரு மூடி அவர் தொப்பையில், இன்னொரு மூடி கும்பிட்ட கைக்கு நடுவில். "யாத்தே!" என்று அண்ணாச்சி குந்திவிட்டார். சாறு தலைமையாசிரியையின் மூக்குக் கண்ணாடி வரை தெறித்தது.

நான் பயந்து ஸ்டியரிங்கைத் திருப்பினேன். வண்டி நேராகக் கொடிக்கம்பத்தைப் பார்த்துப் போனது. பிரேக் எது என்று இரண்டு காலாலும் தேடினேன். கிடைக்கவில்லை. "அல்லா!" என்று கத்திக்கொண்டு குதித்துவிட்டேன். நான் சீட்டை விட்டு எழுந்த நொடியில் எஞ்சின் செத்தது. கொடிக்கம்பத்துக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. நான் புல்லுக்குள் குப்புறக் கிடந்தேன்.

சிரித்தார்கள் பாருங்கள். மெக்கானிக் தரையில் உட்கார்ந்து தொடையைத் தட்டிச் சிரித்தான். "மொளகா மூட்டையே இதுக்கு நல்லா ஓட்டும்க்கா!" என்றான். தலைமையாசிரியை கண்ணாடியைத் துடைத்தபடி சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். எனக்கு முட்டியில் நல்ல அடி. எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

இவர் ஓடி வந்தார். முதலில் என் முட்டியைப் பார்த்தார். பிறகு சிரிக்கிறவர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்தது. சட்டைக் கையின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் புறங்கழுத்தை மறைத்து, தலையில் கட்டினார். வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

வண்டியை மைதானத்தின் ஒரு மூலைக்குக் கொண்டுபோனார். பின்னோக்கி எடுத்தது, திருப்பியது எல்லாம் ஒரே கையில். நெம்புகோலை மெதுவாகத் தள்ளினார். எதிர்க்கோடியில் நின்ற வேப்பமரத்தைக் குறி வைத்துக் கிளம்பினார். நூல் பிடித்த மாதிரி ஒரே கோடு. போய்ச் சேர்ந்து திரும்பி, வெட்டின கோட்டை ஒரு விரல்கூட விடாமல் ஒட்டி, அடுத்த கோடு. போகிற பக்கம் புல் வெளிர்ப்பச்சை, வருகிற பக்கம் கரும்பச்சை. ஜமுக்காளம் விரிகிற மாதிரி மைதானம் விரிந்துகொண்டே வந்தது. சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. அண்ணாச்சி தொப்பையைத் தடவிக்கொண்டே வாயைத் திறந்து பார்த்தார். இரண்டு மணி நேரம் ஒருவரும் நகரவில்லை. அவர் முகத்தை நான் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அந்த முகம் அப்படி இருக்கவில்லை.

கடைசிக் கோட்டை முடித்து நிறுத்தினார். இறங்கினார். அண்ணாச்சிதான் கேட்டார்: "என்னவே மேனேஜரே, இத எங்க படிச்சீரு?"

எங்காவது பார்த்தேன் என்று சொல்லிவிட்டுத் தப்பிக்கலாம். நானே ஏதாவது பொய் சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன்.

"சவுதியில. அங்க என் வேலையே இதுதான அண்ணாச்சி" என்றார்.

மெக்கானிக்குக்கு அடக்க முடியவில்லை. "புல்லு வெட்டவா வெளிநாடு போனிய?"

"ஆமாலே. நல்லா வெட்டுவேன்" என்றார்.

மெக்கானிக் குனிந்து, இவர் வெட்டின புல்லைத் தடவிப் பார்த்தான். தலைமையாசிரியை அடுத்த மாதமும் வர முடியுமா என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார்.

இதுதான் நேரம் என்று எனக்குத் தெரிந்தது. முட்டி வலி, சேலையெல்லாம் சேறு, சுற்றிலும் பாதித் தெரு. மில் சத்தம்கூட இல்லை ஒளிந்துகொள்ள. "இங்கேயே இருங்க மச்சான்" என்றேன். வழக்கம்போல அடுத்த தெருவரை கேட்டிருக்கும். கேட்கட்டும்.

கேலி வராமல் இல்லை. திங்கட்கிழமையே ஒருத்தி மிளகாயை அரைக்கக் கொடுத்துவிட்டு, "அக்கா, மேனேஜரு எங்க, மேயப் போயிருக்காரா?" என்றாள். அவள் மிளகாயைக் கரகரப்பாக அரைத்துக் கொடுத்தேன். ஏஜெண்டு போன் பண்ணினான். அவர் போன் மில்லில் கிடந்தது, நான்தான் எடுத்தேன். "அவுக வேலைக்குப் போயிருக்காக" என்று சொல்லி வைத்துவிட்டேன். பொய்யில்லை. குற்றாலம் போகிற வழியில் ஒரு ஆஸ்பத்திரித் தோட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அவர் பெட்டியைத் திறந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷத்துப் போட்டோக்கள். லீவுக்கு வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாக எனக்குக் கொடுத்தவற்றின் பிரதிகள். மில்லில் மாட்டியிருந்ததும் அதில் இருந்தது, நறுக்காமல். கோட்டுக்குக் கீழே அழுக்கு பேண்ட், காலில் ரப்பர் பூட்ஸ். அதற்கும் கீழே, போட்டோவில் பாதி இடத்துக்கும் அதிகமாக, புல். வெளிர்ப்பச்சை ஒரு கோடு, கரும்பச்சை ஒரு கோடு, அந்தக் கட்டடத்தின் வாசல் வரைக்கும் இம்மி பிசகாத நேர்கோடுகள். அத்தனை போட்டோவிலும் அப்படித்தான். அவர் ஓரமாகத்தான் நிற்கிறார். நாங்கள் எல்லாரும் கட்டடத்தைப் பார்த்தோம். அந்த மனுசன் வருஷா வருஷம் புல்லைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு தென்காசியில் அதே ஃபிரேம் கடைக்குப் போனேன். கடைக்காரன் ஒரு ஃபிரேமை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தான்.

"கொஞ்சம் நீளமா இருக்கேக்கா. கீழ வெறும் புல்லுதான, நறுக்கிரட்டா?"

அன்றைக்கு நான் அவனிடம் சொன்ன அதே வார்த்தை. 

"நறுக்காத" என்றேன். கடையில் இருந்ததிலேயே பெரிய ஃபிரேமை இறக்கச் சொல்லி, அவன் மாட்டி முடிக்கிறவரை கத்தரிக்கோலைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.